ஐந்து பெண்பிள்ளைகளும் ஒரு பந்தும்



இம்மாதம் ஓர் உதைபந்தாட்ட வீராங்கனையின் கதையை உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். "எங்களுக்கும் உதைபந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதிற் பந்து பாதிக் கதைதான். மற்றப் பாதி, கணவரைப் பறிகொடுத்த பின்னர் ஐந்து பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறிய ஒரு தாயின் கதை. அந்தப் பாதியை வாசிக்கும்போது, எங்கள் அயல்வீட்டில் நடந்ததைக் கேட்பது போல உங்களுக்குத் தோன்றக்கூடும்.

அந்த வீராங்கனையின் பெயர் நாடியா நடீம். ஐரோப்பாவின் வடக்கே உள்ள டென்மார்க் நாட்டின் தேசிய பெண்கள் அணிக்காக 100 இற்கும் மேற்பட்ட சர்வதேசப் போட்டிகளில் விளையாடியவர். ஆனால் அவர் டென்மார்க்கிற் பிறந்தவரல்லர். 1988 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் ஹெராட் நகரிற் பிறந்தவர்.

தகப்பன் திரும்பி வராத வீடு

நாடியாவின் தகப்பனார் ஆப்கான் இராணுவத்தில் ஒரு ஜெனரலாக இருந்தவர். அவருக்கும் மனைவி ஹமீதாவுக்கும் ஐந்து பிள்ளைகள். ஐவரும் பெண்கள். "ஆண்பிள்ளை இல்லையே" என்று கவலைப்படும் ஊர்தான் அதுவும். ஆனால் இந்தத் தகப்பன் ஒருநாள் வீட்டுக்கு ஒரு பந்தைக் கொண்டு வந்து, வளவுக்குள் வைத்துத் தன் பெண்பிள்ளைகளுக்கு உதைக்கக் காட்டிக் கொடுத்தார்.

1996 ஆம் ஆண்டு தலைநகர் காபூல் தலிபான்களின் கைக்குப் போனது. பெண்பிள்ளைகளின் பாடசாலைகள் மூடப்பட்டன. பெண்கள் வேலைக்குப் போவது தடுக்கப்பட்டது. கணவன், தகப்பன், சகோதரன் என்று நெருங்கிய ஆண் உறவினர் ஒருவர் கூட வராமற் பெண் வெளியே நடமாடக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். மீறியவர்களுக்குத் தெருவிலேயே அடி விழுந்தது.

2000 ஆம் ஆண்டில் நாடியாவின் தகப்பனாரைத் தலிபான்கள் அழைத்தார்கள். போனவர் திரும்பவில்லை. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது குடும்பத்துக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. போனவர் வருவாரா, மாட்டாரா என்று தெரியாமற் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்போது ஹமீதாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். கணவர் இல்லை. வீட்டில் மகனும் இல்லை. ஆண்துணை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் அந்த வீட்டிலுள்ள ஆறு பெண்களும் கடைக்குப் போவதும் குற்றம், உழைக்கப் போவதும் குற்றம். பிள்ளைகள் படிக்கவும் வழியில்லை. கணவரைக் கொன்றவர்கள் அந்தச் சட்டத்தால் மனைவியையும் பிள்ளைகளையும் உயிரோடு அடைத்து வைத்தார்கள்.

லொறியில் ஒரு பயணம்

ஹமீதா தன்னிடமிருந்த பொருள்களை விற்றார். அந்தக் காசைப் பயண முகவர்களிடம் கொடுத்தார். முதலிற் பாகிஸ்தானுக்குப் போனார்கள். அங்கிருந்து போலிக் கடவுச்சீட்டுகளில் விமானம் ஏறி இத்தாலிக்கு. இத்தாலியிலிருந்து ஒரு லொறியின் பின்புறத்தில் ஒளிந்திருந்து மீண்டும் பயணம். லண்டனுக்குக் கொண்டு போய் விடுவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அங்கே உறவினர்கள் இருந்தார்கள்.

லொறி நின்றதும் இறங்கிப் பார்த்தால் லண்டனைக் காணவில்லை. படங்களிற் பார்த்த பெரிய மணிக்கூட்டுக் கோபுரமும் இல்லை. மரங்கள்தான் தெரிந்தன. தெருவால் வந்த ஒருவரிடம் இது எந்த இடம் என்று கேட்டார்கள். டென்மார்க் என்றார். அந்தப் பெயரோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. ஒரு சொல் டெனிஷ் மொழியும் தெரியாது. அப்போது நாடியாவுக்குப் பன்னிரண்டு வயதளவில்.

சில சகோதரிகள் கேட்கக்கூடும்: "போலிக் கடவுச்சீட்டு, முகவர், களவாய்ப் பயணம் - இதையெல்லாம் நல்ல உதாரணமாகச் சொல்லலாமா?" இந்த வழியைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியிற் போய்க் கடலிலும் லொறிக்குள்ளும் மூச்சடங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். முகவரிடம் காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஹமீதாவுக்கு நேர்வழி ஒன்று திறந்திருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பாதுகாப்பான கதவுகளை அடைத்துவிட்டு, ஆபத்தான கதவால் ஏன் வந்தாய் என்று ஒரு தாயிடம் கேட்பது நியாயமில்லை.

டென்மார்க்கும் எங்கள் சனமும்

டென்மார்க் எங்களுக்கு முற்றிலும் அந்நியமான நாடு அல்ல. 1983 இன் பின்னர் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சம் கோரினார்கள். தனியாகப் போய்ச் சேர்ந்த ஆண்கள், ஊரில் விட்டுவந்த மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்தார்கள். குடும்பத்தை ஒன்றுசேர்ப்பது அந்நாட்டுச் சட்டத்தில் அவர்களுக்கு இருந்த உரிமை. ஆனால் 1987 இலிருந்து அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் அந்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக இழுத்தடிக்கச் செய்தார். இங்கே போர் நடந்துகொண்டிருந்த காலம். விண்ணப்பித்துவிட்டு மனைவிமாரும் பிள்ளைகளும் காத்துக் கிடந்தார்கள்.

அந்த விடயம் விசாரணைக்கு வந்தது. விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். பத்து வருடங்களுக்கு மேலாக இருந்த அரசாங்கம், தமிழ் அகதிக் குடும்பங்களுக்குச் செய்த அநியாயத்தினால் வீழ்ந்தது. 1995 இல் அந்த அமைச்சர் விசேட நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டார். டென்மார்க்கில் இதனை இன்றும் "தமிழர் வழக்கு" என்றே சொல்வார்கள். எங்கள் பெண்கள் பலர் இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு கடிதத்துக்குப் பதில் வராமல் வருடக்கணக்காக இருப்பது, எல்லா வேளையிலும் விதியின் விளையாட்டு அல்ல. சில வேளைகளில் அது ஒரு மேசையிலிருந்த ஒருவர் எடுத்த முடிவு. அதைக் கேள்வி கேட்கவும் முடியும்.

முகாம் வேலிக்கு அப்பால்

நாடியாவின் குடும்பத்தை டென்மார்க் அகதி முகாமில் வைத்தது. பிறகு வடக்கே ஓல்போர் நகருக்கு அருகிலுள்ள முகாமுக்கு மாற்றினார்கள். அந்த முகாமுக்குப் பக்கத்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் இருந்தது. அங்கே பெண்பிள்ளைகள் சீருடை அணிந்து பந்து விளையாடுவதை நாடியா கண்டார். வீட்டு வளவுக்குள் தகப்பனுடன் உதைத்த பந்து, இங்கே வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, பெண்களின் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்சக் காலம் தூர நின்று பார்த்தார். பின்னர் துணிந்து போய்த் தானும் விளையாடலாமா என்று பயிற்றுநரிடம் கேட்டார். அவர் வரச் சொன்னார். பிள்ளை அகதியா, விசா இருக்கிறதா, மொழி தெரியுமா என்ற கேள்விகளுக்கு அந்த மைதானத்தில் இடமிருக்கவில்லை. பந்தை நிறுத்தவும் உதைக்கவும் மொழி தேவைப்படவில்லை.

குடும்பத்துக்குத் தஞ்சம் கிடைத்தது. பாடசாலை கிடைத்தது. நாடியா ஓல்போரில் பி-52 என்ற கழகத்திலும், பிறகு விபோ, ஓர்ஹூஸ் நகரங்களின் கழகங்களிலும், அதன்பின் ஃபோர்ட்டூனா யோரிங் கழகத்திலும் விளையாடினார். அவர் முன்வரிசை வீராங்கனை. கோல் அடிப்பதே அவருடைய வேலை. 2012 இல், ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக்கில் விளையாடிய முதற் போட்டியிலேயே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ சிட்டி அணிக்கெதிராக இரண்டு கோல்களையும் அவரே போட்டார். யோரிங் 2-1 என வென்றது.

விதியைக் கேள்வி கேட்டபோது

தேசிய அணிக்கு வரும்போது ஒரு தடை குறுக்கே நின்றது. குடியுரிமை பெற்று வந்தவர், 18 வயதுக்குப் பின்னர் ஐந்து வருடங்கள் தொடர்ந்து அந்நாட்டில் வாழ்ந்திருந்தால் மட்டுமே தேசிய அணிக்கு விளையாடலாம் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் அன்றைய விதி. பணத்துக்காக நாடு மாறும் வீரர்களைத் தடுக்கவே அந்த விதி வந்தது. ஆனால் சிறு வயதில் உயிர் தப்பி ஓடிவந்து, அந்த நாட்டிலேயே பாடசாலை போய் வளர்ந்த பிள்ளைக்கும் அதே விதி பொருந்தியது. 12 வயதிலிருந்து 18 வயது வரை அவர் அங்கு வாழ்ந்த காலம் கணக்கில் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

டெனிஷ் உதைபந்தாட்டச் சங்கம் இதை எதிர்த்து எழுதியது. பீபாவின் சட்டப் பிரிவு அவருக்கு விதிவிலக்கு அளித்தது. 2009 இல், போர்த்துக்கலில் நடைபெற்ற அல்காவ் கிண்ணத்தில், அமெரிக்காவுக்கு எதிராக நாடியா முதன்முதலில் டென்மார்க்கின் சிவப்புச் சட்டையை அணிந்தார். குடியுரிமை பெற்று வந்த ஒருவர் அந்நாட்டின் மூத்தோர் தேசிய அணியில் விளையாடியது அதுவே முதற் தடவை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 இல் பீபா அந்த விதியையே மாற்றியது. 10 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் ஒரு நாட்டுக்கு வந்த பிள்ளைகள் அங்கே வாழ்ந்த ஐந்து வருடங்கள் இப்போது கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஒருத்திக்கு 2009 இல் விதிவிலக்காகக் கிடைத்தது, பிறகு வந்த பிள்ளைகளுக்குப் பொது விதியாகவே கிடைக்கிறது.

2017 ஆம் ஆண்டு

நாடியாவின் வாழ்க்கையில் மறக்க முடியாத வருடம் 2017. அவ்வருடம் ஐரோப்பியப் பெண்கள் கிண்ணப் போட்டி நெதர்லாந்தில் நடந்தது. 1995 இலிருந்து ஆறு தடவைகள் அடுத்தடுத்துக் கிண்ணத்தை வென்றிருந்த ஜேர்மனியைக் காலிறுதியில் டென்மார்க் சந்தித்தது. கடும் மழையால் ஆட்டம் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடப்பட்டது. மூன்றாவது நிமிடத்திலேயே ஜேர்மனி முந்தியது. இடைவேளை முடிந்து வந்த கையோடு நாடியா தலையால் முட்டிக் கோல் போட்டுச் சமப்படுத்தினார். பிறகு தெரேசா நீல்சன் போட்ட கோலுடன் டென்மார்க் 2-1 என வென்றது. அரையிறுதியில் ஒஸ்திரியாவைத் தண்ட உதைகளில் வென்று இறுதிக்கு வந்தார்கள்.

ஓகஸ்ட் 6 ஆம் திகதி என்ஸ்ஹெடே நகரில் இறுதிப் போட்டி. 28,000 இற்கும் மேற்பட்டோர் பார்வையாளர்கள். ஆறாவது நிமிடத்தில் டென்மார்க்குக்குத் தண்ட உதை கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் நாடியா. உதைத்தார். கோல். ஆனால் இறுதியில் நெதர்லாந்து 4-2 என வென்றது. டென்மார்க் அதுவரை இறுதிப் போட்டிக்கு வந்ததே இல்லை. தோற்றாலும் நாடே அவர்களைக் கொண்டாடியது.

கொண்டாடினார்கள், ஆனால் சம்பளப் பேச்சு வந்தபோது கதை வேறாக இருந்தது. பெண்கள் அணியின் கொடுப்பனவுகளும் வேலை நிபந்தனைகளும் தொடர்பாகச் சங்கத்துடன் உடன்பாடு ஏற்படவில்லை. செப்டெம்பரில் நெதர்லாந்துடனான சிநேகபூர்வப் போட்டி இரத்தானது. ஒக்டோபர் 20 ஆம் திகதி சுவீடனுடன் நடக்கவிருந்த உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியும் நடக்கவில்லை. அந்தப் போட்டி 3-0 என்று சுவீடனுக்கு எழுதப்பட்டது. நவம்பரில் நான்கு வருட ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2019 உலகக் கிண்ணத்துக்கு டென்மார்க்கால் போக முடியவில்லை.

உரிமை கேட்பது இலவசமாக நடப்பதில்லை. நாளாந்தக் கூலி வேலையில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதிற் குறைந்த தொகை என்று வாங்கிப் பழகிய எங்களுக்கு இது விளங்கும். "கிடைக்கிறதே பெரிது" என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் போட்டி நடந்திருக்கும். சம்பளமும் பழையபடியே இருந்திருக்கும்.

அதே ஒக்டோபரில், அமெரிக்காவில் நாடியா விளையாடிய போர்ட்லண்ட் தோர்ன்ஸ் கழகம் அந்நாட்டுப் பெண்கள் லீக்கின் சம்பியனானது. 2018 இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் சிட்டி, 2019 இலிருந்து பிரான்சின் பாரிஸ் சென் ஜெர்மான் என்று அவர் கழகம் மாறினார். லியோன் கழகம் தொடர்ந்து 14 வருடங்கள் கைவிடாமல் வைத்திருந்த பிரெஞ்சு லீக் கிண்ணத்தை 2021 இல் பாரிஸ் அணி கைப்பற்றியபோது நாடியாவும் அவ்வணியில் இருந்தார்.

பந்தும் புத்தகமும்

இத்தனைக்கும் நடுவில் அவர் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். விளையாட்டுப் பருவம் முடிந்து விடுமுறை வந்தால் வைத்தியசாலைப் பயிற்சி. வெளிநாட்டுக் கழகத்தில் இருந்தால் அங்கிருந்தே பாடம். மற்ற மாணவர்கள் படித்து முடிக்கும் காலத்தை விட அவருக்குக் கூடுதலாக எடுத்தது. 2021 செப்டெம்பரில் அமெரிக்காவில் விளையாடும்போது முழங்காலின் சவ்வு கிழிந்தது. பந்தைத் தொட முடியாத அந்த மாதங்களிலேயே படிப்பின் இறுதிப் பகுதியை முடித்து, 2022 ஜனவரியில் வைத்தியரானார். போரிலும் விபத்திலும் சிதைந்த உடல்களைச் சீர்ப்படுத்தும் சத்திரசிகிச்சையே தன் விருப்பம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு ஒரு பெண்ணை எத்தனை வயது வரை தாங்கும்? முப்பத்தைந்து என்றாலே நீண்ட காலம். ஒரு காயத்தோடும் முடிந்து போகலாம். அதனால் ஒரு கையிற் பந்து, மறு கையிற் புத்தகம் என்று அவர் வைத்திருந்தது புத்திசாலித்தனம். 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் பெண்பிள்ளைகளின் கல்விக்கான தூதுவர்களில் ஒருவராக அவரைத் தெரிவு செய்தது. பாடசாலை மூடப்பட்ட ஒரு பிள்ளைக்கு அது பொருத்தமான பதவி.

ஹமீதாவின் முடிவு

2022 நவம்பர் 22 ஆம் திகதி. கட்டாரில் ஆண்கள் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. டென்மார்க்கும் துனிசியாவும் விளையாடிய ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் விளக்கம் சொல்ல நாடியா கலையகத்தில் இருந்தார். அங்கே வைத்தே அவருக்குத் தொலைபேசியிற் செய்தி வந்தது. உடற்பயிற்சிக்குப் போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த தாயார் ஹமீதா லொறி மோதி இறந்துவிட்டார். அவருக்கு வயது 57.

அவரைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியது மகளின் பெயரோடுதான். ஆனால் கணவர் இறந்தபோது ஹமீதாவுக்கு முப்பத்தைந்து வயதளவில்தான் இருக்கும். அந்த வயதில், மொழி தெரியாத நாட்டில், ஐந்து பெண்பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். ஐம்பது தாண்டியும் தன் உடம்பைப் பேண உடற்பயிற்சிக்குப் போய் வந்தவர். தன் வாழ்க்கை கணவரோடு முடிந்துவிட்டது என்று மூலையில் இருந்துவிடவில்லை. மகளின் கோல்களை எண்ணுகிறவர்கள் தாயின் இந்த இருபத்திரண்டு வருடங்களையும் எண்ண வேண்டும்.

திறமை மட்டும் போதுமா?

இப்படியான கதைகளை வாசித்தால் "மனமிருந்தால் இடமுண்டு, முயன்றால் எல்லாம் கிடைக்கும்" என்று முடிப்பது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நாடியாவிடம் திறமையும் விடாமுயற்சியும் இருந்தன. ஆனால் அதே திறமையுள்ள பிள்ளைகள் ஆப்கானிஸ்தானிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காத நான்கு விடயங்கள் நாடியாவுக்குக் கிடைத்தன: வேலிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். "வா, விளையாடு" என்று சொன்ன ஒரு பயிற்றுநர். காசு கேட்காத படிப்பு. போக விட்ட ஒரு தாய்.

இந்த நான்கும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆப்கானிஸ்தானே சாட்சி. 2007 இல் அங்கே பெண்களுக்கான தேசிய அணி உருவானது. அதை உருவாக்கப் பாடுபட்ட காலிதா போபால் கொலை மிரட்டல்கள் காரணமாக 2011 இல் நாட்டை விட்டு வெளியேறி, அவரும் டென்மார்க்கிலேயே தஞ்சம் பெற்றார். 2021 ஓகஸ்டில் தலிபான்கள் திரும்பவும் ஆட்சியைப் பிடித்தபோது, அணிச் சட்டைகளை எரித்துவிடுங்கள், படங்களை அழித்துவிடுங்கள் என்று தன் பிள்ளைகளுக்கு அவரே சொல்ல வேண்டி வந்தது. வீராங்கனைகள் பலர் அவுஸ்திரேலியாவுக்கு மீட்கப்பட்டார்கள். ஊரிலிருந்த பிள்ளைகளுக்கு மைதானமும் இல்லை, ஆறாம் வகுப்புக்கு மேற் பாடசாலையும் இல்லை என்றாகிவிட்டது. வெளியேறிய வீராங்கனைகளைக் கொண்ட ஓர் அகதி அணிக்கு 2025 இல் பீபா அனுமதி கொடுத்தது. அந்த வருடக் கடைசியில் மொரோக்கோவில் அவர்கள் விளையாடினார்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளை

தையல் வகுப்புக்கு வரும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அக்கா, என்ரை மூத்தவளைப் பள்ளிக்கூட ரீமுக்கு எடுத்திருக்கினம். பின்னேரத்திலை பிரக்டிஸ். தகப்பன் இல்லாத பிள்ளை, ஊர் என்ன சொல்லும் எண்டு பயமாக் கிடக்கு. விடட்டோ?"

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. தாய் தனியே வளர்க்கும் பெண்பிள்ளையின் மேல் ஊரின் கண் இரண்டு மடங்கு விழும். ஆகவே "பயப்படாதேங்கோ" என்று சொல்லி அனுப்பாமல், என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசித்தோம். உங்களுக்கும் உதவக்கூடும்:

1. பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஆசிரியரிடம் நேரே கேளுங்கள். பிள்ளை சொல்லும் நேரத்தோடு நிற்க வேண்டாம்.

2. பயிற்சி நேரம் முழுவதும் ஒரு பெண் ஆசிரியையோ பொறுப்பான பெண்ணோ அங்கே நிற்பாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாய்மார் முறை போட்டு ஒருவர் போய் இருக்கலாம்.

3. அதே பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வரட்டும்.

4. யாரும் தகாத முறையிற் தொட்டாலோ கதைத்தாலோ உடனே உங்களிடம் சொல்லலாம், சொன்னால் நீங்கள் ஏச மாட்டீர்கள், விளையாட்டை நிறுத்தவும் மாட்டீர்கள் என்று முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். "சொன்னால் மறித்துப் போடுவா" என்ற பயத்தாற்தான் பல பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

5. ஓடுகிற பிள்ளைக்குச் சாப்பாடு கூட வேண்டும். பயறு, கடலை, முட்டை, முருங்கையிலை என்று வீட்டிற் கிடைப்பதைக் கொடுங்கள். மாதவிலக்கு வந்தவுடன் விளையாட்டை நிறுத்தத் தேவையில்லை. கடும் வலியோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

6. வீட்டு வேலையைப் பங்கிடுங்கள். தம்பிக்கும் கோப்பை கழுவத் தெரிய வேண்டும். அக்காவின் பயிற்சி நாளில் அவன் கழுவட்டும்.

அந்தப் பிள்ளை தேசிய அணிக்குப் போவாளா? அது எனக்கு முக்கியமில்லை. ஒரு மணித்தியாலம் ஓடி வியர்த்து, சேர்ந்து தோற்று, சேர்ந்து வென்று, இரவில் நிம்மதியாக நித்திரை கொண்டால் அதுவே பெரிய விடயம். பயந்து பயந்து ஒடுங்கிப் போன உடம்புகள் எங்களுடையவை. பிள்ளைகளின் உடம்பாவது நிமிர்ந்து ஓடப் பழகட்டும்.

நாங்கள் எல்லோரும் நாடியாவாக முடியாது. ஹமீதா கடந்த தூரத்தை எங்களிற் பலர் வேறு பாதைகளால் ஏற்கெனவே கடந்துவிட்டோம். மைதானத்துக்கு நிலம் ஒதுக்க எங்களால் முடியாமல் இருக்கலாம், படிப்புச் செலவுக்கு மற்றவர்களை எதிர்பார்க்க வேண்டியும் இருக்கலாம். ஆனால் அந்த நான்கில் ஒன்று எங்கள் கையிற்தான் இருக்கிறது. பிள்ளை வாசலில் நின்று "அம்மா, போகட்டோ?" என்று கேட்கும்போது சொல்லும் பதில் அது.

அந்தத் தாய் மறுவாரம் வகுப்புக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார். பயிற்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். "சப்பாத்து இல்லாமல் ஓடுறாள் அக்கா, ஆனால் நல்லா ஓடுறாள்" என்றார். சப்பாத்துக்கு என்ன வழி என்று இப்போது வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் விளையாட ஆசைப்படும் பிள்ளை இருந்தால், அதற்கு என்ன தடையாக இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழிற் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி